பிரிக்காத பெட்டிகள் சங்கம்

பொன்னாடை போர்த்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஓய்வு பெறுகிறவர் ஓர் அட்டைப் பெட்டி. அவருக்குத் தோள் கிடையாது. சால்வை வழுக்கி வழுக்கி விழுந்தது. கடைசியில் செயலாளர் ரத்தினம் மேசைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியாமல் சால்வையின் இரண்டு நுனியையும் இழுத்துப் பிடித்துக்கொண்டார். தலைவர் ஜெபசீலன் ரோஜா மாலையைச் சாத்தினார். ஹால் முழுக்கக் கைதட்டல்.

மூன்றாவது வரிசையில் இருந்த சாஹிரா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். அவள் கணவன் அமீருதீன் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. நிக்காஹ் அன்றைக்குக் கூட அவன் கண் கலங்கி அவள் பார்த்ததில்லை.

"ஏங்க, இது பொம்மைதானே?" என்றாள் மெதுவாக.

"கலங்கரை விளக்கம்," என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இனிமே இது தயாரிப்புல இல்ல."

பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி வீடு, கப்பல், கோட்டை என்று கட்டுகிற செட்டுகள் அவை. வெளிநாட்டுக் கம்பெனி ஒவ்வொரு செட்டையும் கொஞ்ச காலம் தயாரிக்கும், பிறகு நிறுத்திவிடும். நிறுத்தினால் அது ரிட்டயர் ஆனதாக அர்த்தம். ரிட்டயர் ஆனது கடையில் கிடைக்காது. கிடைக்காத பொருளுக்கு விலை ஏறும். ஆகவே கிடைக்கும்போதே வாங்கி, பிரிக்காமல் பூட்டி வைத்து, ஏறிய பிறகு விற்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்குத் தாம்பரம் வட்டாரத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர், துணை விதிகள், அடையாள அட்டை, பதிவு எண் எல்லாம் கொண்ட ஒரு சங்கம் இருந்தது. சேலையூரில் ஒரு ஓட்டலின் மாடி ஹாலில் அது மாதம் ஒருமுறை கூடியது. எந்த செட் ரிட்டயர் ஆனாலும் அதற்குப் பணி ஓய்வுப் பாராட்டு விழா எடுத்தது. விழா முடிந்ததும் கேசரி, போண்டா, காபி.

ஜெபசீலன் மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டும் மூடியோடு.

"பெரியோர்களே. இங்கே மாலையோடு அமர்ந்திருக்கும் நம் கலங்கரை விளக்கம் தன் பணிக்காலம் முழுவதும் ஒருமுறை கூடப் பெட்டியை விட்டு வெளியே வந்ததில்லை. ஒரு கீறல் உண்டா? இல்லை. ஒரு புகார் உண்டா? இல்லை. யாருக்காவது ஒரு நாளாவது உபயோகப்பட்டதுண்டா? இல்லை. அதனால்தான் இன்றைக்கு இவ்வளவு மதிப்பு. நானும் சர்வீஸில் இருந்தவன். என் மேசைக்கு வந்த ஃபைலை நான் பிரிப்பதில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். பிரித்துவிட்டால் அது வெறும் காகிதம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பிரிக்காத வரைக்கும் அதற்குள் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். ஒருவருக்குப் பட்டா இருக்கலாம். இன்னொருவருக்கு பென்ஷன் இருக்கலாம். அந்த நம்பிக்கையோடு அவர்கள் வருஷக்கணக்கில் வந்து போனார்கள். நான் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினேன்."

கைதட்டலின் நடுவில் ஹாலே ஊதியது.

செயலாளர் ரத்தினம் மேடவாக்கத்தில் அடுக்குமாடியில் இருப்பவர், கம்ப்யூட்டர் வேலை. ஆன்லைன் கடைகளின் விலையை ஓயாமல் கண்காணிக்கும் ஓர் ஆப் எழுதி எல்லா உறுப்பினர் போனிலும் ஏற்றியிருந்தார். எங்காவது விலை இறங்கினால் போன் மில் சங்கு மாதிரி ஊதும். இப்போது ஹாலில் இருந்த எல்லாப் போனும் சேர்ந்து ஊதின. எல்லாத் தலையும் குனிந்தது. எல்லாக் கட்டைவிரலும் திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டது.

"இறங்குது."

"வாங்காதீங்க, இன்னும் இறங்கும்."

"இறங்குது, இறங்குது. வெயிட் பண்ணு மச்சான்."

"ஏறிடுச்சு."

ஒரு பெருமூச்சு ஹாலைச் சுற்றி வந்தது. அதில் துக்கமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. பொருளாளர் ஞானஜோதி, பள்ளிக்கூட டீச்சர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பெருமையாகச் சொன்னார்: "நாம எல்லாரும் சேர்ந்து பார்த்ததாலதான் ஏறிச்சு. கடைக்காரங்க நம்மள கவனிக்கிறாங்க."

சாஹிராவுக்கு இந்தச் சங்கு புதிதல்ல. போன மாதம் பல்லாவரத்தில் சொந்தக்காரர் வீட்டு நிக்காஹ். ஹஜ்ரத் மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்ட நேரம் அமீருதீனின் சட்டைப்பை ஊதியது. அவள் வெட்கத்தில் தலைகுனிவதற்குள் மாப்பிள்ளையின் ஷெர்வானிக்குள்ளும் ஊதியது. "ஒரு ரெண்டு நிமிஷம்" என்று மாப்பிள்ளை ஹஜ்ரத்திடம் கையைக் காட்டினான். பெண் வீட்டார் அதைக் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அவள் இன்றைக்கு விழா பார்க்க வரவில்லை. ஒரு வேண்டுகோளோடு வந்திருந்தாள். செம்பாக்கத்தில் அவர்கள் பிளாட்டில் இரண்டு அறை. ஏசி இருப்பது ஒன்றில்தான். அந்த ஒன்றில் தரையிலிருந்து கூரை வரைக்கும் பெட்டிகள், பாதி அமீருதீனுடையவை, பாதி சங்கத்து உறுப்பினர்களுடையவை. இன்னோர் அறையில் அமீருதீனின் பம்மல் பெல்ட் பட்டறைக்குத் தேவையான தோல் சுருள்கள். பெட்டிகள் ஏசியில் தூங்கின. புருஷனும் பெண்டாட்டியும் ஹாலில் பக்கத்து ஏரிக் கொசுவோடு தூங்கினார்கள். இதைப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் தங்கை அஃப்ஷான் ஆம்பூரிலிருந்து முதல் பிரசவத்துக்கு வருகிறாள். அம்மா இல்லை. அக்கா வீடுதான் தாய்வீடு.

"ரூமைக் காலி பண்ணுங்க" என்று அமீருதீனிடம் சொன்னபோது அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். "அது என் கையில இல்ல. நீயே தலைவர்கிட்ட பேசு. நல்ல மனுஷன்."

*

கைகழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு நிர்வாகக் குழு உட்கார்ந்தது. ஜெபசீலன் கேசரித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அது ரூம் இல்லம்மா," என்றார். "அது நம்ம செம்பாக்கம் கிளை வைப்பகம்."

"எங்க வீட்டு ரூம் சார்."

"உங்க வீடு அதைச் சுத்தி இருக்கு. அதை யாரும் மறுக்கலை."

ரத்தினம் லேப்டாப்பைத் திறந்து ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார். "மேடம், வைப்பகத்துல ஈரப்பதம் ஏறக்கூடாது. ஒரு ஆள் மூச்சு விட்டாலே இந்தக் கோடு இப்படிப் போகும். நீங்க சொல்றது ரெண்டு ஆள்."

"ரெண்டாவது ஆள் இன்னும் மூச்சு விட ஆரம்பிக்கலையே சார்," என்றாள் சாஹிரா.

ரத்தினம் யோசித்தார். "கரெக்ட்தான்" என்று கோட்டைக் கொஞ்சம் இறக்கினார்.

ஞானஜோதி துணை விதிகளைப் புரட்டினார். "வைப்பகத்துல பிரிக்காத பொருள் மட்டும்தான் இருக்கலாம்னு விதி. அந்தப் பொண்ணு பிரிச்சதா, பிரிக்காததா?"

பின்னால் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அமீருதீன் சுவரில் ஒட்டியிருந்த மெனுவைப் படித்துக்கொண்டிருந்தான். ஜெபசீலன் கண்ணை மூடினார். இந்த மாதிரி நேரத்துக்காகத்தான் தன்னைத் தலைவராக வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"உள்ளே இருக்கிறது வெளியே வரலை," என்றார் நிதானமாக. "கை படலை. வெளிக்காத்து படலை."

"ஸ்கேன்ல பார்த்திருப்பாங்களே சார்," என்றார் ரத்தினம்.

"பெட்டி மேல படம் போட்டிருக்கில்ல, அது மாதிரி அது. படத்தைப் பார்த்தா பிரிச்சதா ஆகாது."

அன்றைக்கே தீர்மானம் நிறைவேறியது. செல்வி அல்லது திருமதி அஃப்ஷான் அவர்கள் தற்போதைக்குப் பிரிக்கப்படாத நிலையில் உள்ளவர் என்பதால் வைப்பகத்தில் தங்க ஆட்சேபம் இல்லை. பிரசவம் வரை மட்டும். இஞ்சி பூண்டு வாசனை கூடாது. உள்ளே வருகிறவர்கள் காலுறை அணிய வேண்டும். கோட்டைப் பெட்டியின் மேல் துணி உலர்த்தக் கூடாது.

"நல்லபடியா முடிஞ்சுது," என்றான் அமீருதீன் படியிறங்கும்போது. "நான் பயந்துட்டேன்."

"எதுக்கு?"

"உன்னைப் பிரிச்சதுன்னு சொல்லி உள்ளேயே விடமாட்டாங்களோன்னு."

சாஹிரா ஷேர் ஆட்டோ வரும் திசையைப் பார்த்தாள்.

*

அஃப்ஷான் காரிலிருந்து இறங்கி, லிஃப்டில் ஏறி, இடுப்பில் கைவைத்து அந்த அறை வாசலில் நின்றாள். மூன்று சுவரோரமும் பெட்டிகள். நடுவில் ஒரு கட்டில், ஆள் பக்கவாட்டில்தான் போய்ப் படுக்கலாம். தலைமாட்டில் கோட்டை, கால்மாட்டில் தீயணைப்பு நிலையம்.

"மச்சான், நான் பிரசவத்துக்கு வந்தேனா, குடோனுக்கு லோடு இறங்க வந்தேனா?"

"ஏசி இருக்கும்மா," என்றான் அமீருதீன்.

"யாருக்கு?"

அவன் காலுறையை நீட்டினான்.

சனிக்கிழமைதோறும் ரத்தினம் சோதனைக்கு வந்தார். டார்ச் அடித்துப் பெட்டி மூலைகளைப் பார்ப்பார். மூலை மடங்கினால் மதிப்பு போய்விடும் என்பார். பிறகு கட்டில் பக்கம் திரும்பி, கௌரவமான தூரத்தில் நின்று, போனில் ஏதோ குறித்துக்கொள்வார்.

"என்ன எழுதுறீங்க சார்?" என்றாள் அஃப்ஷான்.

"நிலைமை. சீல் முழுமையா இருக்குன்னு."

"என் மூலையெல்லாம் மடங்காம இருக்கா?"

"மேலோட்டமா நல்லாத்தான் இருக்கு மேடம்," என்றார் ரத்தினம். கிண்டல் அவர் மேல் பட்டு அப்படியே கீழே விழுந்தது.

உறுப்பினர்களும் ஒவ்வொருவராகப் பார்க்க வந்தார்கள். மாதுளம்பழம் வாங்கி வந்தார்கள், நல்ல மனிதர்கள். எல்லாரும் கடைசியில் ஒரே கேள்வி கேட்டார்கள்: டாக்டர் சொன்ன தேதி தள்ளிப்போக வாய்ப்பு இருக்கிறதா. இருக்கிறது என்றால் அவர்கள் முகம் மலர்ந்தது. தள்ளிப்போகிற எதற்கும் மதிப்பு கூடும் என்பது அவர்கள் அனுபவம்.

சாஹிராவுக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு எட்டிப் பார்ப்பாள். துணியைப் பிழிந்துவிட்டு எட்டிப் பார்ப்பாள். தங்கை முகம் காலையில் இருந்ததைவிட வீங்கியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா. ஹாலில் அமீருதீன் போனை இழுத்து இழுத்துப் பார்ப்பான், ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா. சில நேரம் இரண்டு பேரும் ஒரே நொடியில் பெருமூச்சு விடுவார்கள். பிரசவம் முடிந்து பிள்ளையோடு வந்தால் இந்த ரூமில் இடமில்லை. ஹாலில் கொசு. தோல் அறையில் நாற்றம், பிறந்த குழந்தைக்கு மூச்சு முட்டும். இதைப் பற்றிப் பேச்செடுத்தால் அமீருதீன், "அதுக்குள்ள மார்க்கெட் ஏறிடும், வித்துடலாம்" என்பான்.

"யாருங்க வாங்குறா?"

"மார்க்கெட்."

மார்க்கெட் எப்படி இருக்கும் என்று அவளுக்கு ஒரு பிற்பகலில் தெரிந்தது. கோட்டைப் பெட்டியை விற்றாகிவிட்டது என்று அமீருதீன் சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போயிருந்தான். எடுத்துப்போக, சங்கத்துக்குச் சரக்கு ஏற்றுகிற ஜெபின் தன் குட்டி யானை வண்டியோடு வந்தான். பெட்டியைப் பார்த்ததும் பழகிய ஆளைப் பார்த்த மாதிரி சிரித்தான்.

"இன்னாக்கா, மறுபடி இதேதானா?"

"உனக்குத் தெரியுமா இதை?"

"இத்த எத்தினி தபா தூக்கினு போயிருக்கேன். இங்கேருந்து மேடவாக்கம். மேடவாக்கத்துல இருந்து பம்மல். பம்மல்ல இருந்து சேலையூர் டீச்சர் வூடு. அப்பால மறுபடி இங்க. ரோட்டுல லாரிக்காரன் அடிச்சுகினு கெடக்கான், நா இந்தப் பொட்டிய வெச்சுகினு ஊர்வலம் வர்றேன். இன்னாதான்க்கா கீது இதுல?"

"கோட்டை."

"ஆங்," என்றான் ஜெபின் மரியாதையோடு, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் அவள் சொன்னபோது அமீருதீன் அதிர்ச்சி அடையவில்லை. அவள் அந்த அதிர்ச்சியைத்தான் எதிர்பார்த்துக் காத்திருந்தாள். அவன் உற்சாகமாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ஆமா. நான் ரத்தினத்துக்கு வித்தேன். அவர் பம்மல்காரருக்கு வித்தார். அவர் டீச்சருக்கு. டீச்சர் எனக்கு. ஒவ்வொரு ரவுண்டுக்கும் எவ்வளவு ஏறுது பார்த்தியா? வெளியாளுக்கு வித்திருந்தா ஒரே தடவையோட முடிஞ்சிருக்கும்."

"வெளியாள் யாராவது எப்பவாவது வாங்கியிருக்காங்களா?"

அமீருதீன் யோசித்தான். "ஒருத்தர் கேட்டார். குரோம்பேட்டைக்காரர். பையனுக்குப் பிறந்தநாள்னு."

"கொடுத்தீங்களா?"

"பிரிச்சுடுவேன்னு சொன்னார். தலைவர் கொடுக்க வேணாம்னுட்டார்."

*

பனிக்குடம் உடைந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம். சாஹிரா துணியைத் தேடி ஓடிக்கொண்டிருக்கும்போதே பம்மல் பட்டறையில் அமீருதீனுக்குப் போன் போனது. கூப்பிட்டது சாஹிரா இல்லை. மேடவாக்கத்திலிருந்து ரத்தினம்.

"அமீர் பாய், உங்க வைப்பகத்துல வெச்ச சென்சார்ல ஈரப்பதம் எகிறிடுச்சு. ஏதாவது லீக்கா?"

அமீருதீன் வீட்டுக்குக் கூப்பிட்டு அதையே கேட்டான்.

"லீக்தான்," என்றாள் சாஹிரா. "ஆட்டோவோட வாங்க."

ஆட்டோ வேளச்சேரி ரோட்டில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. அஃப்ஷான் அக்காவின் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். அமீருதீனின் போன் மறுபடி அடித்தது. பெட்டிகள் நனைந்தனவா என்று கேட்டார்கள். அஃப்ஷான் அந்தப் போனை வாங்கி, அவள் மாமியார் முன்னால் சொல்லக்கூடாத ஒரு சொல்லைச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அதன்பிறகு அது அடிக்கவில்லை.

பெண் குழந்தை. நல்ல எடை, நல்ல குரல்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர்கள் திரும்பிய காலையில் நிர்வாகக் குழு வீட்டில் காத்திருந்தது. வைப்பக விதிப்படி தலைவரிடமும் ஒரு சாவி இருந்தது. ஞானஜோதி ஹாலில் ஆப்பிள் பையோடும் வாழ்த்து அட்டையோடும் உட்கார்ந்திருந்தார். ரத்தினம் அறை வாசலில் நின்று ஒட்டுவதற்கு சீல் டேப்பை உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே கட்டில் ஓரங்கட்டப்பட்டிருந்தது. அறையின் நடுவில், காலுறையோடு, ஜெபசீலன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். தாயும் சேயும் நலம்தானே? ரொம்ப சந்தோஷம்," என்றார். "சந்தோஷத்தோட ஒரு கடமையும் இருக்கு."

சாஹிரா குழந்தையோடு வாசலுக்கு வந்து நின்றாள். பின்னால் அஃப்ஷான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தையல் வலித்தது, நிற்க முடியவில்லை. அறைக்குள்ளிருந்து ஏசிக் காற்று மூன்று பேர் முகத்திலும் பட்டது. ஹாலில் பகலிலேயே கொசு பாடிக்கொண்டிருந்தது.

"சார், ஒரு மாசம் மட்டும்," என்றாள் சாஹிரா. "வெயில் குறையட்டும். பச்சைப் பிள்ளை."

"அம்மா, நான் இரக்கமில்லாதவன் இல்லை," என்றார் ஜெபசீலன். பேச ஆரம்பித்தால் அவருக்கு எந்த அறையும் ஹாலாகிவிடும். "சர்வீஸில் என் முன்னால் அழுதவர்கள் எத்தனை பேர். ஒவ்வொருவரோடும் நான் மனசுக்குள் அழுதிருக்கேன். ஆனால் விதியில் கை வைத்ததில்லை. இந்தக் குழந்தை பிரிக்கப்பட்டுவிட்டது. பிரிச்சது ஒண்ணு வைப்பகத்துக்குள்ளே வந்தா, அந்த நிமிஷத்திலிருந்து உள்ளே இருக்கிற அத்தனையும் பிரிச்சதாகவே கருதப்படும். பெட்டி மட்டும் இல்லை. அந்த நேரம் உள்ளே நிற்கிற ஆளும் பிரிக்கப்பட்டவர். அவர் காலடி வைக்கிற எந்த வைப்பகமும் பிரிச்சதுதான். கடுமையான விதி. நானே எழுதினேன். விதிவிலக்கு வைக்கலாமான்னு ஞானஜோதி கேட்டாங்க. விதிவிலக்குங்கிறது கீறல். கீறல் விழுந்த விதிக்கு என்ன மதிப்பு?"

சாஹிரா அவர் சொன்னதைக் கவனமாகக் கேட்டாள். கட்டிலைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றினாள், காலுறை போடவில்லை, உள்ளே நடந்து போய்க் குழந்தையைக் கட்டிலில் கிடத்தினாள்.

ரத்தினம் ஒரே தாவலில் ஹாலுக்குப் போய்விட்டார்.

ஜெபசீலன் சுற்றியிருந்த பெட்டிகளைப் பார்த்தார், தன் கால்களைப் பார்த்தார்.

"எடுங்கம்மா," என்றார். "இன்னும் யாரும் பார்க்கலை."

"நாங்க பார்த்தோம் சார்," என்றார் ஞானஜோதி ஹாலிலிருந்து.

"அமீர், நீங்க எடுங்க. உங்க சரக்கும் உள்ளே இருக்கு. யோசிங்க."

அமீருதீன் வாசலுக்கு வந்தான். கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது, போனைத் தொட்டது, திரும்பி வந்தது. கட்டிலருகே குனிந்தான். குழந்தை வாயை ஒருமுறை சப்புக்கொட்டிவிட்டு அசையாமல் கிடந்தது. அவன் நிமிர்ந்தான்.

"இப்பதான் தூங்கிச்சு சார்."

ஹாலில் அவசரக் கூட்டம் கூடியது. ஜெபசீலன் அறைக்குள் நின்றபடியே கலந்துகொண்டார். செம்பாக்கம் வைப்பகத்தின் பெட்டிகள் யாவும் பிரிக்கப்பட்டவை என்று அறிவிக்கப்பட்டு, சங்கக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டன. அவற்றில் தங்களுடையதும் இருந்தது என்றாலும் ரத்தினமோ ஞானஜோதியோ திரும்பக் கேட்கவில்லை. கொண்டுபோய் வைத்தால் தங்கள் வைப்பகமும் பிரிந்துவிடும். அடுத்ததாகத் தலைவரை நீக்கும் தீர்மானம். நெடுநாள் சேவையைக் கருதி ஒரு விதிவிலக்கு தரலாமே என்று தலைவரே கேட்டார். அப்படி ஒரு பிரிவு இல்லை என்று ஞானஜோதி வாசித்துக் காட்டினார். ஆதரவு இரண்டு, எதிர்ப்பு ஒன்று. பிரிக்கப்பட்டவருக்கு ஓட்டு கிடையாது என்பதால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தற்காலிகத் தலைவராகப் பொறுப்பேற்ற ரத்தினம் முன்னாள் தலைவரின் பணியை இரண்டு வரியில் பாராட்டினார். வாசலிலிருந்தே பாராட்டினார். ஆப்பிள் பை எந்த நேரத்தில் எங்கே இருந்தது என்பதில் சந்தேகம் வந்ததால் அதை விட்டுவிட்டுப் போனார்கள்.

லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டது.

"நீங்களும் கிளம்புங்க சார், வீட்டுல தேடுவாங்க," என்றாள் சாஹிரா.

"வீட்டுக்கு எப்படிம்மா போறது," என்றார் ஜெபசீலன். "என் வீட்டுல ஹாலே கிடையாது. எல்லாம் வைப்பகம். என் மனைவி மகள் வீட்டுல இருக்கா."

"எத்தனை நாளா?"

"அது வருஷக்கணக்கு."

சாஹிரா ஹாலில் ஒரு நாற்காலியைப் போட்டாள். டீ கொடுத்தாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, கத்தியை எடுத்துட்டு வாங்க."

தோல் வெட்டுகிற கத்தியோடு அமீருதீன் தீயணைப்பு நிலையத்தின் முன்னால் உட்கார்ந்தான். முதல் பெட்டிக்கு வெகுநேரம் ஆனது. சீல் டேப்பின் மேல் கத்தி முனையை வைப்பான், எடுப்பான். அஃப்ஷான் கட்டிலில் குழந்தைக்குப் பக்கத்தில் சாய்ந்தபடி, "மச்சான், அறுக்கிறதுக்கு முன்னாடி பிஸ்மில்லா சொல்லிடுங்க" என்றாள். அவன் நிஜமாகவே சொன்னான். ஒரே இழுப்பு. அட்டை வாயைத் திறந்தது.

உள்ளே கொஞ்சம் பிளாஸ்டிக் பைகள். ஒரு புத்தகம். மிச்சம் ஒன்றுமில்லை. அவன் கையை உள்ளே விட்டு நாலு பக்கமும் தடவினான்.

"முக்கால்வாசி காத்துடி," என்றான்.

"இத்தனை நாளா காத்துக்கா ஏசி போட்டீங்க," என்றாள் அஃப்ஷான். சிரித்தால் தையல் இழுத்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா, நிறுத்தச் சொல்லு அவரை, செத்துடுவேன்."

அவன் நிறுத்தவில்லை. தோலில் பழகிய கைக்கு அட்டை எம்மாத்திரம். ரயில் பெட்டி, கடற்கொள்ளைக் கப்பல், மாளிகை, ஒவ்வொன்றாக வாயைத் திறந்தன. சாஹிரா பைகளைக் கிழித்துக் கிழித்துக் கொட்டினாள். கூரை வரைக்கும் அடைத்துக்கொண்டிருந்த அத்தனை செட்டும் இரண்டு அரிசிச் சாக்கில் அடங்கின. அட்டைகளைப் பழைய பேப்பர்காரர் தராசில் போட்டுக் கட்டி எடுத்துப் போனார். நல்ல அட்டை என்று பாராட்டினார். பிற்பகல் அசர் தொழுகைக்குள் அறையில் நான்கு சுவரும் தெரிந்தன. ஒரு சுவரில் ஜன்னல் இருந்ததை சாஹிரா மறந்தே போயிருந்தாள்.

அஃப்ஷான் குழந்தை மேல் கையைப் போட்டபடி தூங்கிவிட்டாள். சாஹிரா கதவைப் பாதி சாத்திவிட்டு ஹாலுக்கு வந்தாள். அமீருதீன் சுவரில் சாய்ந்து வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெபசீலன் நாற்காலியில் இல்லை. தரையில், சாக்குகளுக்கு நடுவில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் தீயணைப்பு நிலையத்தின் புத்தகம் முதல் பக்கத்தில் விரிந்திருந்தது.

"அம்மா," என்றார், "இதுல எடுத்த எடுப்புல ஒரு சாம்பல் கலர் துண்டு கேக்குது. மேல ரெண்டு குமிழ் இருக்கணுமாம்."

"தேடுங்க சார்."

"எல்லாம் ஒண்ணாக் கலந்து கெடக்கே."

"சத்தம் போடாம தேடுங்க. குழந்தை தூங்குது."

அவர் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றி, தோள் வரைக்கும் கையைச் சாக்குக்குள் விட்டார்.